போனக்காட்டுச் சண்டைக்காரர்

அவரை எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சொல்கிற கதைகளில் முரட்டு ஆட்கள் எல்லாம் கடைசியில் நல்லவர்களாகி விடுவார்கள். இவர் ஆகவில்லை. மலைமேல் உள்ள போனக்காடு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவர். பெயரைப் போட்டால் இப்போதும் பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பார். அதனால் பெயர் வேண்டாம்.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகளுக்குக் கண் பார்க்கிற பகுதியில்தான் அவரை முதலில் பார்த்தேன். என் மகனுக்கு அப்போது நாலு வயது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தேன். எதிர் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். காக்கிச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. ஒரு வார்த்தை கேட்காமல் என் மகன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னா அண்ணாச்சி, பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி? எங்கயாச்சும் திருடிட்டு வந்தானா, ஆள் அடையாளம் தெரியாம இருக்க?"

நான் ஆரியசாலையில் ஒரு மிளகாய் வத்தல் மொத்தக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறவன். கையில் கடைப் பை இருந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி என்கிறார் என்று புரிந்தது.

"வெயிலுக்கு..." என்றேன்.

"வெயிலா? மேல கூரை இருக்கு, கேட்டோ."

கண்ணாடியை மடக்கி என் சட்டைப் பையில் செருகினார். "நீ போட்டுக்க. வெக்கம் உனக்குத்தான். பிள்ளைக்கு இல்ல."

எப்போதுமே எனக்குப் பேச்சு அப்புறம்தான் வரும். வீட்டுக்குப் போகிற வழியில், பழவங்காடி முக்கில் நிற்கும்போது, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் நாலைந்து வந்தது. நாலைந்தும் நல்ல பதில். என்ன பிரயோஜனம்?

இனி, என் மகனுக்கும் அவர் மகளுக்கும் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள். ஒட்டிக்கொள்கிற வியாதி எதுவும் இல்லை.

சில குழந்தைகள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே ஒரு கண் சரியாக வளராமல் நின்றுவிடும். சில பேருக்கு மிளகு அளவில் இருக்கும். சில பேருக்கு அதுவும் இருக்காது. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். கண் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பார்வை இருக்காது, அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரம்மா விளக்கினார். கண் வளர வளர, உள்ளே இருந்து சுற்றிலும் உள்ள எலும்பைத் தள்ளுமாம். தள்ளத் தள்ள எலும்பு இடம் விடுமாம், இமையும் விரியுமாம். தள்ளுவதற்கு ஆள் இல்லாவிட்டால் எலும்பு சும்மா இருந்துவிடும். அப்புறம் முகத்தில் ஒரு பக்கம் பெரிய பிள்ளையாகவும் மறுபக்கம் கைக்குழந்தையாகவும் நின்றுபோகும்.

அதனால் கண்ணுக்குப் பதிலாகத் தள்ளுவதற்கு வேறொரு ஆளை உள்ளே அனுப்புகிறார்கள். முதலில் போவது ஒரு பிளாஸ்டிக் ஓடு. புளியங்கொட்டையைப் பாதியாக்கினது போல இருக்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். கையைக் கழுவி, ஓட்டை நனைத்து, மேல் இமையைத் தூக்கி அதற்குள் நுழைத்து, கீழ் இமையை இறக்கிவிட்டால் உட்கார்ந்துவிடும். சில வாரங்கள் கழித்து அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓடு. பிறகு இன்னும் பெரியது. இதனால் பார்வை வராது. முகம் ஒழுங்காக வளரும், பிற்பாடு ஒரு செயற்கைக் கண் வைக்க இடம் கிடைக்கும். அதற்குத்தான் இவ்வளவும். ஆனால் ஓடு எப்போதும் உள்ளேயே இருக்க வேண்டும். தூங்கும்போதும் இருக்க வேண்டும். வெளியே எடுத்து வைத்தால் வளர்ந்த இடம் திரும்பச் சுருங்கிவிடும், ஆளில்லாத வீட்டில் கதவு இறுகிப்போகிற மாதிரி.

அந்த ஓடு வெளிச்சத்தில் மினுங்கும். உள்ளே சிவப்பாகத் தெரியும். பார்க்கிறவர்கள் இன்னொரு தடவை பார்ப்பார்கள். இன்னொரு தடவை பார்த்தால் போதும், போனக்காட்டுக்காரர் எழுந்துவிடுவார்.

அவருடைய குணம் அதுதான். வேறு குணம் எதுவும் நான் பார்த்ததில்லை. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தது முதல் மலையடிவாரத்து வித்துராவுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கும்வரை, மகளை யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்தவர்களைத் திருப்பிப் பார்ப்பார். அவர் பார்வையில் பெஞ்சே சூடாகும். என் மகன் அவருக்கு வைத்த பெயர் 'முறைக்கிற மாமா'.

ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர் அவர் மகளை உற்றுப் பார்த்தாராம். இவர் உடனே, "என்னா பாக்கிறே? காட்சி பாக்கணும்னா டிக்கெட் எடுக்கணும்" என்றாராம். கண்டக்டர் அசரவில்லை. "டிக்கெட் கொடுக்குன்னது ஞானா சேட்டா. நிங்ஙள் எடுத்தோ?" என்றாராம், டிக்கெட் கொடுக்கிறவனே நான்தான், நீங்கள் எடுத்தீர்களா என்று. இவர் எடுத்திருக்கவில்லை. பஸ்ஸே சிரித்ததாம். இதை அவரே எங்களிடம் சொன்னார். அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அயோக்கியர்கள் என்பதற்கு அத்தாட்சியாகச் சொன்னார்.

இன்னொரு நாள் ஒரு கண்ணில் கட்டுப்போட்ட ஒரு வயதான அம்மா எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இவர் மகளைப் பார்த்து, "பாவம் குட்டி" என்று முணுமுணுத்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட்டையும் எடுத்து நீட்டினார். அவ்வளவுதான்.

"யாரு பாவம்? உங்களுக்கும் இப்ப ஒரு கண்ணுதான் தெரியுது. உங்களப் பாத்து நாங்க பாவம்னு சொன்னோமா?"

அந்த அம்மாவின் கை நீட்டினபடியே நின்றது. பிறகு பிஸ்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டில்லாத கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். என் மனைவி எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகிறபோது இவர் காதில் விழும்படியே சொன்னாள்: "கல்லுல செஞ்ச மனுஷன்." இவர் அதற்கும் முறைத்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் செய்தது சரி என்று ஒத்துக்கொள்கிறேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்து, கேட்காமல் கொள்ளாமல் அவர் மகள் முகத்தைப் போனில் படம் எடுத்தார்கள். இவர் தன் போனை எடுத்து, கீறல் விழுந்த திரையைச் சட்டையில் துடைத்து, "நில்லுங்க. அந்தத் தாடி வச்ச மோன் கொஞ்சம் முன்னால வா. பல்லு தெரிய நில்லு. நானும் எடுக்கணும்" என்றார். வரிசையாக ஆறேழு பேரையும் எடுத்தார். பிள்ளைகள் முகம் வெளுத்துப் போயிற்று. அதற்கப்புறம் அங்கே யார் படம் எடுக்க வந்தாலும் முதலில் அனுமதி கேட்டார்கள். என் மகனிடமும் கேட்டார்கள். அவன் பெருமையாக, "எடுத்துக்கோங்க" என்றான்.

ஆனால் அன்றைக்கும் நான் கவனித்தது வேறு. அப்பாவின் குரல் ஏறினதும் அவர் மகள் குனிந்துவிட்டாள். செருப்பு வாரைக் கழற்றி மாட்டினாள். திரும்பவும் கழற்றி மாட்டினாள். அவர் குரல் ஏறும்போதெல்லாம் அவளுக்குச் செருப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. தலை நிமிர்ந்து நான் அவளைப் பார்த்ததே குறைவு. என் மகனோடு மட்டும் பேசுவாள்.

"உங்க அப்பா பேசவே மாட்டாரா?" என்று ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"வீட்ல பேசுவார்."

"வெளிய?"

"வெளிய பேச மாட்டார்."

"நல்ல அப்பா" என்றாள் அவள்.

ஜீப் ஓட்டுகிறவர் என்று சொன்னேன் இல்லையா? எஸ்டேட்டிலிருந்து வித்துரா பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடுவதும் அவர்தான். வகுப்பில் ஒரு பையன் அவளிடம், "நின்றெ கண்ணில் எந்தா?" என்று கேட்டிருக்கிறான். உன் கண்ணில் என்ன என்று கேட்டது அவ்வளவுதான், கேலி இல்லை. இவர் ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வகுப்புக்குள் போய் அந்தப் பையனை எழுந்து நிற்கச் சொன்னார். டீச்சரிடம் கத்தினார். சாயங்காலம் சந்தையில் அந்தப் பையனின் அப்பாவைப் பிடித்து, கடைக்காரர்கள் எல்லோரும் பார்க்கக் கத்தினார்.

"இப்ப அந்த ஸ்கூல்ல ஒருத்தன் வாயத் திறக்கிறானா பாரு அண்ணாச்சி" என்று என்னிடம் சொன்னார்.

யாரும் திறக்கவில்லைதான். அவளோடு சேர்ந்து சோறு தின்னக்கூட யாரும் திறக்கவில்லை. அதை அவள் என் மகனிடம் சொல்லி, அவன் எங்களிடம் சொன்னான்.

மாதங்கள் போயின. என் மகனுக்கு ஓடு மாற்றி மாற்றி, சிஸ்டர் ஒவ்வொரு முறையும் "பேஷ், வலுதாயி", பெரிதாகிவிட்டது என்று சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் மகளுக்கு ஒன்றும் நகரவில்லை. முதலில் கொடுத்த ஓடே இறுக்கமாக இருந்தது. ஒரு தடவை பழைய அளவைவிடச் சின்னது எடுக்க வேண்டி வந்தது. இவர் எங்கள் மேல் திரும்பினார்.

"உன் பிள்ளைக்கு மட்டும் நல்ல சாதனம் கொடுக்கிறாங்க. என்னா கொண்டு வந்து கொடுத்தே சிஸ்டருக்கு? ஒரு மூட்டை வத்தலா?"

"எல்லோருக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுக்கிறாங்க" என்றேன். அதுவே எனக்கு அதிகப் பேச்சு.

"டப்பா ஒண்ணு. கை வேற. எனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் என் மகனை சிஸ்டர் கூப்பிடும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று, எந்த டப்பாவிலிருந்து எடுக்கிறார்கள் என்று கதவோரமாய் எட்டிப் பார்ப்பார். என் பிள்ளையின் முகம் வளர்வதை அவர் ஏதோ திருட்டு மாதிரிப் பார்த்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டார். அடுத்தது நாங்கள் என்பதால் நாங்களும் கதவுக்குள்ளேயே நின்றோம். டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். ஓட்டால் இனி பிரயோஜனம் இல்லை. வயது கடந்துகொண்டே போகிறது. எலும்பு இளசாக இருக்கும்போதே தள்ளினால்தான் உண்டு, முற்றினபின் எதுவும் நடக்காது. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு சின்ன பலூன் வைக்கலாம், ஊசி வழியாக உப்புத்தண்ணீர் ஏற்றி ஏற்றி அதைப் பெரிதாக்கலாம் என்றார்.

"உங்க சாமான் மோசம், அதைச் சொல்லுங்க" என்றார் இவர். குரல் ஏறிவிட்டது. "மலையில இருந்து வர்றவன்னா எதையும் கொடுத்து அனுப்பலாம், அப்படித்தானே? ஓடு நல்ல ஓடா இருந்தா ஏன் வளரல? என் பிள்ளை என்னா, வேற மண்ணா?"

டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் டார்ச்சோடு வந்து, "மோளே, ஒன்னு நோக்கட்டே" என்று அவள் இமையைத் தூக்கினார். உள்ளே ஓடு இல்லை.

"எவிடே மோளே அது?"

அவள் குனிந்து செருப்பைப் பிடித்தாள். அப்போது என் மகன், கணக்குக்குச் சரியான விடை சொல்கிற மாதிரி சந்தோஷமாகச் சொன்னான்: "அக்கா பாக்கெட்ல இருக்கு. பஸ் ஏறுறதுக்கு முன்னாலேயே கழட்டிருவா. இங்க வந்துதான் போடுவா. இன்னிக்கு மறந்துட்டா."

சிஸ்டர் அவள் கவுன் பையில் கைவிட்டார். கைக்குட்டையில் முடிந்து ஓடு இருந்தது.

"பஸ்ஸுல மட்டும்தானா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஸ்கூலுக்குப் போகும்போதும்" என்றாள் அவள். "திரும்பி வந்து போடுவேன். எனக்குப் போடத் தெரியும். அப்பாவைவிட நல்லாப் போடுவேன்."

"ஏன்டீ?" என்றார் இவர்.

"அது இல்லன்னா கண்ணு மூடியிருக்கும். மினுங்காது. யாரும் பாக்க மாட்டாங்க."

"பாத்தா என்னா? பாக்கிறவனை நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாத்தா நீ வருவே" என்றாள். அப்போதும் செருப்பைத்தான் பார்த்தாள். "ஜீப்பை நிறுத்திட்டு வந்து கத்துவே. அப்புறம் யாரும் என்கூடப் பேச மாட்டாங்க."

சிஸ்டர் அந்த ஓட்டைக் கழுவுகிற சாக்கில் குழாய்ப் பக்கம் போய்விட்டார். இந்த மனுஷன் இப்போதாவது பிள்ளையைத் தூக்கி அணைப்பார் என்று நினைத்தேன். இல்லை. திரும்பி என் மகனைப் பார்த்தார், நாலு வயதுப் பிள்ளையை.

"உன்னை எவன் கேட்டான்?"

என் மனைவி அவனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். "பிள்ளைகிட்ட வேண்டாம். என்கிட்ட பேசுங்க. பேச உங்களுக்கு வாய் இருந்தா."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு நான் அவரை வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை. இன்னமும் அந்த 'உன்னை எவன் கேட்டான்' என் காதில் இருக்கிறது.

பலூன் வைப்பதென்று முடிவாயிற்று. ஆனால் டாக்டரம்மா அப்பாவிடம் மட்டும் சம்மதம் வாங்கவில்லை. அவளையே கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். "பலூன் வைக்க ஆபரேஷன் ஒரு தடவைதான். அதுக்கப்புறம் ஊசிக்கு நீ வரணும். நிறையத் தடவை வரணும். பாதியில வரமாட்டேன்னு சொன்னா எல்லாம் வீண். ஓட்டையும் கழட்டக் கூடாது. வருவியா?"

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா உள்ள வரக்கூடாது" என்றாள். "ஸ்கூலுக்கும் வரக்கூடாது. ரோட்டுலயே இறக்கிவிட்டுப் போயிரணும். வெளியிலயும் யார்கிட்டயும் கத்தக் கூடாது. கத்தினா நான் வரமாட்டேன்."

"அம்மா வரட்டுமா கூட?"

"அம்மா வந்தா அழும்."

அவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கத்தினால் அவள் வரமாட்டாள். வராவிட்டால் எலும்பு முற்றிவிடும்.

ஆபரேஷன் நடந்தது. பலூன் என்றால் நீங்கள் ஊதுகிற பலூன் இல்லை. பட்டாணி அளவுதான். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் தோலுக்கு அடியிலேயே காதுக்கு மேலே வரை போகும். அங்கே தோலுக்கு அடியில் ஒரு பொத்தான். சட்டைப் பொத்தான் மாதிரித் தடவினால் தெரியும். அந்தப் பொத்தானில் ஊசியைக் குத்தி, டாக்டரம்மா உப்புத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். வலிக்குமா என்று கேட்பீர்கள். மேலே மரத்துப்போக மருந்து தடவுவார்கள். ஊசி அவ்வளவு வலிக்காது. அப்புறம் உள்ளே இறுக்கும், அன்றைக்கும் மறுநாளும். எலும்புக்கு அது கண்ணா பலூனா என்று தெரியாது. தள்ளினால் நகரும்.

ஊசி நாளில் அவர் வாசலில் நிற்பார். அவர் மகள் தனியாக நடந்து வந்து எங்கள் பெஞ்சில் உட்காருவாள். உள்ளே போகும்போது யாராவது பெரியவர்கள் கூட வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். அவள் என் விரலைப் பிடித்தாள். பேசாத ஆள் என்பதால் பிடித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஊசி ஏறும்போது அழமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு என் விரலை நெரிப்பாள். நானும் அழமாட்டேன். எங்கள் இருவருக்கும் இடையில் அப்படி ஒரு ஏற்பாடு.

வெளியே வந்தால் அவர் என்னைத்தான் முதலில் பார்ப்பார். அந்தப் பார்வை இருக்கிறதே, பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்தது எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"கரஞ்ஞாளா?"

"இல்ல. அழல."

"நீ பிடிச்சா அழமாட்டாளோ?"

ஒரு தடவைகூட நன்றி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் மனைவி எதிர்பார்த்தாள். கிடைக்காததால் ஊசி நாளில் அவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்த இட்லியை ஒரு நாள் அவர் கண்முன்னாலேயே வாட்ச்மேனுக்குக் கொடுத்தாள்.

ஆனால் வாக்கை மீறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எதிர்த்த டீக்கடையில் அவர் மகளைப் பார்த்து ஒரு லாட்டரிக்காரர், "எந்து பற்றி குட்டிக்கு?", பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டதை நான் பார்த்தேன். போனக்காட்டுக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. டீ கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய், ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கம்பத்தை அவர் முறைத்த முறைப்பில் விளக்கு எரிந்திருக்கும். அவள்தான் லாட்டரிக்காரரிடம், "கண்ணு வலுதாக்கான் பலூன் வச்சிருக்கு" என்று சொன்னாள். லாட்டரிக்காரர் "ஆஹா" என்றார். விஷயம் முடிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. இடம் வந்தது. பலூனை எடுத்துவிட்டு உள்ளே நிரந்தரமாக ஒரு சின்ன உருண்டையை வைத்தார்கள். ஆறின பிறகு அதற்கு முன்னால் பொருத்துவதற்குக் கண் செய்ய அளவெடுத்தார்கள். ஓடு மாதிரிதான், ஆனால் மினுங்காது. வெள்ளையும், கருவிழியும், மெல்லிய சிவப்பு நரம்புகளும் வரைந்த கண். இன்னொரு கண்ணைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைகிறார்கள்.

அதை வைக்கிற நாளில் நான் உள்ளே இருந்தேன். வைத்து முடிந்ததும் சிஸ்டர் கண்ணாடியைக் கொடுத்தார். அவள் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என் மகனிடம் திரும்பி, "எது?" என்று கேட்டாள். அவன் உற்றுப் பார்த்து, தவறான கண்ணைக் காட்டினான். அவள் சிரித்த சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை.

வெளியே வந்தோம். முற்றம் முழுக்க ஜனம். அன்றைக்கு வெளிநோயாளிகள் கூட்டம். அவர் வாசல் தூணோரம் நின்றிருந்தார். அவர் மகள் நேராக நடந்து போனாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தாத்தா தன் பேரனைத் தேடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார், 'இவள் இல்லை' என்று அடுத்த முகத்துக்குப் போனார். எந்தப் பிள்ளையையும் பார்க்கிற மாதிரி.

போனக்காட்டுக்காரர் தன் மகளைப் பார்த்தார். குனிந்து, தாடையைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து முற்றத்தைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாரையும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"நிறம் சரியில்ல."

"என்ன?"

"அந்தக் கண்ணு கறுப்பு. இது கொஞ்சம் வெளுத்திருக்கு. உள்ள குத்துக்கல்லாட்டம் நின்னியே, பாத்துச் சொல்ல மாட்டியா? உன் பிள்ளைக்குன்னா சொல்லியிருப்பே."

பிள்ளைகளே, எனக்குப் பேச்சு அப்புறம்தான் வரும் என்று சொன்னேன். அன்றைக்கு அத்தனை அப்புறமும் ஒன்றாக வந்தது.

"வெளுத்திருக்கா? உன் மண்டைதான் வெளுத்திருக்கு" என்றேன். "ஒரு வருஷமா என் விரலை நெரிச்சா உன் மக. என்னிக்காவது ஒரு வார்த்தை சொன்னியா நீ? நாலு வயசுப் பிள்ளைகிட்ட எவன் கேட்டான்னு கேட்டவன்தானே நீ? பெரிய ஆம்பிளையா நீ?"

அவருக்கு 'நீ' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மாறியது. கோபம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தவனுக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது. மடித்த கையை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார்.

"ஆ, வாய் இருக்கா அண்ணாச்சிக்கு? இத்தனை நாள் எங்க வச்சிருந்தே, வத்தல் மூட்டைக்குள்ளயா?"

"உன்னைப் பாத்தா வத்தலே வேண்டாம், அப்பிடியே எரியுது."

"எரியட்டும். எரியத்தான் வேணும்."

இன்னும் என்னென்னவோ சொன்னோம். எழுதுகிற மாதிரி இல்லை. என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் வரவில்லை. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் எங்களைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். டீக்கடையிலிருந்து ஆள் வந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார். இரண்டு ஆண்பிள்ளைகள், நரைக்கிற வயதில், ஒரு கண்ணின் நிறத்துக்காக ஆஸ்பத்திரி முற்றத்தில் கத்துகிறதை யார்தான் பார்க்காமல் போவார்கள்?

அவர் மகள் என் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே போய்விட்டாள். புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருவர் அவர்கள் இருவரையும் நிறுத்தி, எங்கள் பக்கம் கையைக் காட்டி, அந்த இரண்டு பேரும் யார் என்று கேட்டார்.

"மக்களே, ஆரா அவரு ரெண்டாளும்?"

அவள் திரும்பி எங்களை நன்றாகப் பார்த்தாள். தலையைக் குனியவில்லை. இரண்டு கண்ணும் தெரிய நிமிர்ந்து நின்று, 'தெரியாது' என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"அறிஞ்ஞூடா."

என் மகனும் சொன்னான், "அறிஞ்ஞூடா."

வாட்ச்மேன் அவர்களை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஓடிவந்தார். அவர்கள் இருவரும் கேட்டைத் தாண்டி, ஜனங்களோடு ஜனமாக, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.